4,000 ரூபாய் இருக்கிறது: ஒரே ஒரு பெரிய கேமா, ஏழெட்டு இண்டியா?

ஈரோட்டுப்பையன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வந்துபோகிறவன், எழுதுவது முதல் தடவை.

கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடியதோடு சரி, அப்புறம் கேம் பக்கம் போகவில்லை. போன வருடம் வேலைக்காக வாங்கிய லேப்டாப்பில் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது, 6 ஜிபி. மறுபடி தொடங்கலாமே என்று ஒரு கார் ரேஸ் கேமை மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன், பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். இறங்கவே இரண்டு ராத்திரி ஆனது. இறங்கியதும் எங்கள் தளத்தில் தனியாக ஒரு கணக்குத் திற என்றது, திறந்தேன். அப்புறம் சர்வர் கிடைக்கவில்லை என்றது. தனியாகத்தானே ஓட்டப் போகிறேன், சர்வர் எதற்கு? ஒருவழியாக உள்ளே போனால் நல்ல கார்களுக்கெல்லாம் பூட்டு, காசு போட்டால் திறக்குமாம். ஒரு வாரத்தில் அழித்துவிட்டேன்.

இப்போது போனஸில் 4,000 ரூபாய் கேமுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஆபீஸில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், "வாங்கினா ட்ரிபிள் ஏ வாங்கு, கோடி கோடியா கொட்டிச் செஞ்சதுக்கும் ஒருத்தன் ரூமுக்குள்ள உக்காந்து செஞ்சதுக்கும் வித்தியாசம் இருக்காதா" என்கிறார் (பெரிய கம்பெனி பெரும்பணம் போட்டுச் செய்கிற கேமைத்தான் ட்ரிபிள் ஏ என்கிறார்கள்). இன்னொருவர், அதே காசில் ஏழெட்டு இண்டி கேம் வாங்கலாம், ஒன்று பிடிக்காவிட்டால் ஐந்நூறோடு போகும் என்கிறார். சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா, "இண்டின்னா இந்தியாவுல பண்ணதா?" என்று கேட்டார். எனக்கே சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி இதுதான்: அவ்வளவு பணம் கொட்டுகிறார்களே, அது ஆடுகிறவனுக்கு எந்த இடத்தில் தெரிகிறது? இண்டி என்பது வசதியில்லாதவன் ஆடுகிற கேம்தானா, இல்லை அதில் உண்மையிலேயே வேறு ஏதாவது இருக்கிறதா?

சுக்குகாப்பி:

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுங்கள் ப்ரோ. இண்டிபெண்டன்ட் என்பதைச் சுருக்கி இண்டி என்கிறார்கள். பெரிய வெளியீட்டாளர் யாரும் தலைக்கு மேல் உட்காராமல், ஒருவரோ ஒரு சின்னக் குழுவோ தங்கள் இஷ்டத்துக்குச் செய்வது. இந்தியாவிலும் செய்கிறார்கள், புனேயில் செய்த ராஜி 2020இல் வந்தது. ஆனால் பெயருக்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை.

பணம் திரையில் தெரியும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேமுக்குள் வராமல் போன விஷயங்களிலும் அதே பணம் தெரியும். 2023இல் ஆக்டிவிஷன் என்கிற கேம் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தபோது, சோனி தரப்பு ஆவணம் ஒன்றில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் ஆகி வந்தபோது மை வழியாக எண் அப்படியே தெரிந்தது! சோனியின் கேம்களைச் செய்ய ஆன செலவு அது: லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். 22 கோடி டாலர் என்பது அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,800 கோடி ரூபாய். இன்றைக்குப் பெரிய கேமின் விலை 70 டாலர், அதில் கடைக்காரனுக்கு 30 சதவீதம் போனால் கையில் நிற்பது 49. வகுத்துப் பாருங்கள், 45 லட்சம் பிரதி விற்றால்தான் போட்ட முதலே திரும்பும்.

அவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர், வா புதிதாக ஒன்று முயன்று பார்ப்போம் என்று வாயைத் திறப்பாரா? போன தடவை ஓடியதையே இன்னும் பெரிதாக எடு என்பார். அதனால்தான் எந்தக் கேமைத் திறந்தாலும் ஒரு கோபுரத்தில் ஏறினால் வரைபடம் திறக்கிறது, வரைபடம் முழுக்க முப்பது குறிகள், ஒவ்வொன்றாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும், ரேஷன் கடையில் பில் போடுகிற மாதிரி. அப்படி ஜாக்கிரதையாக எடுத்தாலும் ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. சோனியின் கன்கார்ட் 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் மூடிவிட்டார்கள், வாங்கியவர்களுக்குப் பணம் வாபஸ். 14 நாள். எங்கள் ஃப்ரிட்ஜில் நான் மறந்துபோன தயிர் அதைவிட அதிக நாள் இருந்திருக்கிறது.

இந்தப் பக்கம் ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாயக் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் எரிக் பரோன் என்று ஒருவர், தியேட்டரில் ஆட்களை உட்கார வைக்கும் வேலை பார்த்துக்கொண்டே படம், இசை, வசனம், நிரல் எல்லாம் தானே செய்து நாலரை வருடம் உருட்டினார். கேமில் வரும் ஊர்க்காரர்களின் முகங்களை மட்டும் திருப்பித் திருப்பி வரைந்திருக்கிறார், எப்போது முடியும் என்று கேட்க ஆளில்லை. 2016இல் வந்த கேம், 2024 கடைசிக்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதி. 2024இல்கூட இலவசமாக ஒரு பெரிய அப்டேட் கொடுத்தார்.

அப்புறம் பலாட்ரோ. கனடாக்காரர் ஒருவர், இன்றுவரை சொந்தப் பெயரைச் சொல்லாமல், போக்கர் சீட்டையும் ஜோக்கரையும் வைத்துச் செய்தது. அவர் போக்கர் ஆடுகிறவரே கிடையாதாம். இதில் காசு வைத்துச் சூதாடுகிற வேலையே இல்லை, ஆனாலும் ஐரோப்பியத் தணிக்கைக்காரர்கள் சீட்டைப் பார்த்ததும் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தினார்கள். உண்மையான காசுக்குப் பாக்கெட் பிரித்து வீரர்களை எடுக்கும் கால்பந்து கேமுக்கு 3 வயது போதும் என்றவர்களும் அவர்களே. 2025 பிப்ரவரியில்தான் 12 என்று இறக்கினார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: நாலு இண்டி வாங்குங்கள், மிச்சத்தைக் கையில் வையுங்கள். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் கீழே ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்பும், அதையும் மறக்க வேண்டாம்.

கரிசல்காட்டு_கௌபாய்:

சுக்குகாப்பி அண்ணே, கோபுரம் ஏறுகிற விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்கிற கௌபாய் கேமை ஆடிய யாரும் பணம் வீண் என்று சொல்லமாட்டார்கள்.

அதில் துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டால் துரு ஏறி மெதுவாகச் சுடும். தாடி நாளாக நாளாக வளரும். மானை வேட்டையாடிக் குதிரை முதுகில் போட்டுக்கொண்டு, விற்கப் போகாமல் ஊர் சுற்றினால் அழுக ஆரம்பிக்கும். முதல் இரண்டு மணி நேரம் வெறும் பனி, இழுவையான இழுவை, திட்டிக்கொண்டேதான் ஆடினேன். அப்புறம் மலையிலிருந்து இறங்கி முதல் தடவை பச்சைப் புல்லைப் பார்த்தபோது, ராத்திரி ஒரு மணி, சத்தியமாக நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இதை ஐந்து பேர் செய்ய முடியாது, ஐம்பது பேரும் முடியாது. பாதியை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள், கோபுரத்தின் ஏழாம் நிலையில் நிற்கிற பொம்மைக்கும் கால் நகம் வைத்த மாதிரி. எனக்கு அந்த ஊதாரித்தனம் பிடிக்கிறது.

இண்டி என்றாலே புதுமை என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அதையும் கொஞ்சம் நிறுத்தலாம். ஸ்டீமில் பத்து இண்டியைத் திறந்தால் பாதி அதே புள்ளிப்புள்ளிப் படம், செத்துச் செத்து மறுபடி முதலிலிருந்து. ஸ்டார்டியூவுக்குப் பிறகு எத்தனை விவசாயக் கேம், எண்ணிப் பார்த்தீர்களா? வாக்குக் கொடுத்துவிட்டு அரைகுறையாக இறக்குவதும் பெரிய கம்பெனியின் சொத்து கிடையாது. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை, சின்னக் குழுதான், 60 டாலர் விலை, சொன்னதில் எவ்வளவோ உள்ளே இல்லை. பிறகு பல வருடம் இலவச அப்டேட்டாகக் கொடுத்துக் கொடுத்துப் பெயரை மீட்டார்கள், அது அவர்கள் பெருமை.

தம்பி, பெரிய கேமை வந்த அன்றே வாங்காதீர்கள், அவ்வளவுதான். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10. எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து தூக்கிவிட்டது, அப்படி ஒரு நிலைமை. 2023 செப்டம்பரில் பெரிய அப்டேட் வந்த பிறகு வாங்கியவனுக்குக் கிடைத்தது வேறு கேம், அதுவும் சேலில் அரைவாசி விலையில். முதல் நாள் முதல் காட்சிக்காரன் காசு கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறான், நாம் பிறகு போய் உட்கார்ந்து சாப்பிடலாம். ரெட் டெட்டுக்கு உங்கள் 6 ஜிபி கார்டு தாராளம். 120 ஜிபிக்கு மேல் இடம் மட்டும் ஒழித்து வையுங்கள், மறுபடி இரண்டு ராத்திரி டவுன்லோடுதான்.

மொட்டைமாடி:

இரண்டு பேரும் கோட்டை எங்கே கிழிக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பால்டர்ஸ் கேட் 3 செய்த பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோ, தானே செய்து தானே வெளியிட்டது, மேலே வெளியீட்டாளர் கிடையாது. சுக்குகாப்பி சொன்ன இலக்கணப்படி அது இண்டி. 400 பேருக்கு மேல் வேலை செய்த இண்டி! டேவ் தி டைவர் பார்க்க அச்சு அசல் இண்டி, 2023 கேம் அவார்ட்ஸில் இண்டி பிரிவில் பரிந்துரையே ஆனது, பின்னால் இருப்பதோ கொரியாவின் பெரிய முதலாளி நெக்ஸான். 2025இல் எக்ஸ்பெடிஷன் 33, பிரான்ஸில் மாண்ட்பெலியே ஊரில் முப்பது பேர் சுற்றி உள்ள குழு, வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டு செய்தது. பார்க்கும்போது நானூறு பேர் செய்த கேம் மாதிரி இருக்கிறது. அந்த வருடக் கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டியும் அதுதான், வருடத்தின் சிறந்த கேமும் அதுதான்.

ஆகவே அப்பாவிடம், இண்டி என்றால் என்ன என்று இண்டிக்காரர்களுக்கே தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஈரோட்டுப்பையன்:

அப்பா சிரித்தார். நன்றி அண்ணே. கேள்விக்குத்தான் இன்னும் விடை வரவில்லை, பணம் எங்கே போகிறது?

பீப்பாய்மேஸ்திரி:

நான் சொல்கிறேன். கதவுக்குப் போகிறது.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் என் பகல் வேலை, வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்கு முப்பரிமாணப் பொருட்கள் செய்து அனுப்புவது. பீப்பாய், மரப்பெட்டி, நாற்காலி, கதவு. பெயர் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் எந்தக் கேம் என்று கேட்காதீர்கள். ஒரு கதவுக்கு எனக்கு ஒன்பது வேலை நாள் ஆனது. வடிவம் ஒரு பக்கம், கீல் அருகே பெயிண்ட் எப்படி உரியும், கைப்பிடி பட்டுப் பட்டு எங்கே மழுங்கும், மழை எந்தப் பக்கம் அடித்திருக்கும் என்பது இன்னொரு பக்கம். அனுப்பினால் அங்கிருந்து குறிப்பு வரும், திருத்தி மறுபடி அனுப்புவேன். பிறகு அந்தக் கேமை வாங்கி என் கதவைத் தேடிப் போனேன். இருந்தது. திறக்காது. சும்மா சுவரோடு நிற்கிற கதவு, குதிரையில் போகிறவன் அரை நொடி பார்ப்பான். கரிசல்காட்டுக்காரர் சொன்ன கால் நகம் இதுதான். அப்படி ஆயிரக்கணக்கான பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒருவன் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு. 22 கோடி டாலரில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம்தான், இத்தனை பேர் இத்தனை வருடம் என்று பெருக்கினால் வந்துவிடும். அதனால்தான் ஒரு கேம் விழுந்ததும் முதலில் ஆளைக் குறைக்கிறார்கள், குறைக்க வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கன்கார்டைச் செய்த ஸ்டூடியோவையும் இரண்டு மாதத்துக்குள் மூடினார்கள்.

ராத்திரி வேலை என்று ஒன்று எனக்கு இருந்தது. நண்பன் ஒருவனும் நானும் இரண்டு வருடம் ஒரு இண்டி செய்தோம். சென்னையில் கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் கேம். எந்தத் தெருவுக்கு முதலில் போவது, குடத்தோடு நிற்பவர்களை எப்படிச் சமாளிப்பது, டேங்க் ஒழுகினால் என்ன செய்வது. இதிலும் ஒரு கதவு இருந்தது, லாரிக் கதவு, இருபது நிமிடத்தில் செய்தேன், ஆனால் திறக்கும். 100 டாலர் கட்டி ஸ்டீமில் ஏற்றினோம். விற்றது மூன்று இலக்கத்தை எட்டவில்லை, அதிலும் இரண்டு பிரதி என் சித்தப்பா வாங்கியது, அவரிடம் கம்ப்யூட்டரே இல்லை.

ஆகவே சுக்குகாப்பி நண்பரே, ஸ்டார்டியூவைக் காட்டி இண்டியின் கதையைச் சொல்லாதீர்கள், அது லாட்டரியில் விழுந்தவனைக் காட்டிச் சீட்டு விற்பது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கு மேல் கேம் வந்தது, ஒரு நாளைக்கு ஐம்பது. எங்கள் லாரி முதல் பக்கத்தில் நின்ற நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த 30 சதவீதம்கூட எல்லோருக்கும் ஒன்றில்லை. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. நிறைய விற்கிறவனுக்குச் சலுகை, எந்தச் சந்தையிலும் அப்படித்தானே.

சில்க்சாங் கதை தெரியும்தானே? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் மூன்று பேர் செய்த கேம். முதல் கேம் ஹாலோ நைட் ஒன்றரைக் கோடிப் பிரதி விற்றதால் அடுத்ததை அவசரமில்லாமல் வருடக்கணக்கில் செய்ய முடிந்தது, எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். 2025 ஆகஸ்ட் 21இல், செப்டம்பர் 4 வருகிறது என்று சொன்னார்கள். உடனே அதே வாரத்தில் வரவிருந்த சின்ன ஸ்டூடியோக்கள் சில பேர் தங்கள் தேதியைத் தள்ளி வைத்தார்கள், தீபாவளிக்குப் பெரிய படம் வந்தால் சின்னப் படம் ஒதுங்குகிற மாதிரி. வந்த அன்று கடைகளே திணறின, ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் உள்ளே. விலை 20 டாலர்தான். அதுவும் இண்டி, என் தண்ணீர் லாரியும் இண்டி.

இருந்தாலும் தம்பி, எதைச் செய்தபோது சந்தோஷமாக இருந்தாய் என்று கேட்டால் லாரிக் கதவு என்றுதான் சொல்வேன். கடன் கட்டியது மற்றக் கதவு.

சுக்குகாப்பி:

லாட்டரிச் சீட்டு, சரி, ஒப்புக்கொள்கிறேன். லாரி கேமின் பெயரைச் சொல்லுங்கள், வாங்குகிறேன்.

பீப்பாய்மேஸ்திரி:

கடையிலிருந்து எடுத்துவிட்டோம். தனிச்செய்தியில் அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

ஸ்கார்பரோ_பனை:

எல்லோரும் கதைத்து முடியட்டும் என்று இருந்தேன். ஒருவரும் வெண்பாவைச் சொல்லவில்லையே! டொரொன்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 யூலையில் வந்தது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா வந்த ஒரு குடும்பம், நீங்கள் அம்மா, பெயர் வெண்பா. ஊரிலிருந்து கொண்டுவந்த அவவின் அம்மாவின் சமையல் குறிப்புக் கொப்பி கிழிந்து, மை கரைந்து கிடக்குது. இல்லாத வரியை நீங்கள் யோசித்துச் சமைக்க வேணும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும் என்பதே ஒரு புதிர். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், வீட்டில் இட்லி எப்பவாவதுதான். ஆனால் பிறகு புட்டு வந்ததே, அந்த இடத்தில் என் மகள் திரும்பி, "அப்பா, இது அம்மம்மாவின்ட" என்றாள். அவள் தமிழில் சொன்னதே பெரிய விசயம். அந்தக் கேமில் மகன் கவினுக்கும் தாய்க்கும் நடுவில் இருக்கிற பிரச்சினையும் அதுதான்.

இதை எந்தப் பெரிய நிறுவனம் செய்யும்? 45 லட்சம் பிரதி விற்க வேண்டும் என்றால் இட்லித் தட்டை வைத்துத் தொடங்க மாட்டார்கள், அது அவர்களின் பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் கேமுக்கான விருதை இது 2024இல் எடுத்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேணும். வெண்பா ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சுக்குகாப்பி சொன்ன அந்த 2 மணி நேரச் சட்டத்தின்படி முழுவதும் ஆடி, அழுதுவிட்டு, காசைத் திருப்பி வாங்கலாம். சின்னக் கேம் செய்கிற ஆட்களுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பயம் என்று பீப்பாய் அண்ணைக்கு விளங்கும். தயவுசெய்து இதற்கு மட்டும் அப்படிச் செய்யாதையுங்கோ.

ஈரோட்டுப்பையன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெட் டெட் சேலில் கிடைத்தது, ஒரு ராத்திரி டவுன்லோடு. ஸ்டார்டியூ, பலாட்ரோ, வெண்பா மூன்றும் வாங்கியும் கையில் மிச்சம் இருக்கிறது. வெண்பாவை அம்மாவோடு உட்கார்ந்து முடித்தேன், பணம் திரும்பக் கேட்கவில்லை அண்ணா. தட்டு அடுக்குகிற இடத்தில் அம்மாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "இதுல யோசிக்க என்னடா இருக்கு?"

ரெட் டெட்டில் இன்னும் பனியைத் தாண்டவில்லை. பீப்பாய் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் இறங்கிப் போய்க் கதவைப் பார்க்கிறேன், கீல் அருகே பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று, கூட வந்தவர்கள் எனக்காகக் குதிரையில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படியே போனால் பச்சைப் புல்லைப் பார்க்க அடுத்த பொங்கல் ஆகிவிடும்.

லேப்டாப் எனக்குக் கிடைப்பதே ராத்திரி பத்துக்கு மேல்தான். அதுவரை அப்பா பலாட்ரோ. நாற்பது வருடம் ரம்மி ஆடிய மனிதர், வரிசைக்கு ஐந்து சீட்டு வேண்டும் என்பதை ஏற்கவே மாட்டேன் என்றார், நாலு சீட்டு வரிசை ஏன் செல்லாது, யார் போட்ட சட்டம் என்று நாலு நாள் கம்ப்யூட்டரோடு சண்டை. நேற்று நாலு சீட்டு போதும் என்கிற ஜோக்கர் கடையில் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், "பாத்தியா, ஒத்துக்கிட்டான்."